முன்னூறு ரூபாய் ஸ்கேனரா, மூவாயிரம் ரூபாய் ஸ்கேனரா?

கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டேஷ்போர்டுல மஞ்சளா இன்ஜின் படம் எரியுது. ஆன்லைன்ல முன்னூறு, நானூறு ரூபாய்க்கு நீலக் கலர்ல குட்டியா ஒரு ஸ்கேனர் வருதே, அதையே வாங்கிடலாமா?" ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட, தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தரவாதக் காலம் முடிந்த கார் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோடு ரீடர், அதாவது கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர், இருக்க வேண்டும். ஆனால் கோடைப் படிப்பதற்காக மட்டும் அதை வாங்காதீர்கள். கோடு என்பது வண்டியின் கம்ப்யூட்டர் தரக்கூடிய தகவலில் மிகச் சிறிய துண்டு. அந்தக் கோடு பதிவான நேரத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது, இப்போது ஓடும்போது சென்சார்கள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்துக் காட்டும் கருவிதான் கொடுத்த காசுக்கு உழைக்கும். முன்னூறு ரூபாய்க் கருவிக்கும் மூவாயிரம் ரூபாய்க் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், பதினாறு பின் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் சற்றுக் குறுகியும் இருக்கும். சில வண்டிகளில் ஃப்யூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஒளிந்திருக்கும். இதுதான் ஓபிடி போர்ட். அமெரிக்காவில் 1996 முதல் விற்பனையான எல்லா கார்களிலும் ஒரே வடிவச் சாக்கெட், ஒரே அடிப்படைக் கோடு முறை என்று சட்டமே போட்டார்கள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. நம் நாட்டில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. காற்று மாசைக் கட்டுப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. புகையைக் கெடுக்கும் எந்தக் கோளாறையும் வண்டி தானே கண்டுபிடித்து, விளக்கை எரியவைத்து, கோடாகக் குறித்துவைக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். நமக்கு அது ரிப்பேர் செலவைக் குறைக்கும் வழியாகவும் ஆகிவிட்டது.

2013க்குப் பிறகு தயாரான பெட்ரோல், டீசல் கார் என்றால் சாதாரண ஓபிடி-2 கருவி பெரும்பாலும் பேசிவிடும். அதற்கு முந்தைய வண்டி என்றால் சாக்கெட்டை போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டால், மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. பதினாறாவது பின்னில் பேட்டரி கரன்ட். நான்கும் ஐந்தும் எர்த். ஆறிலும் பதினான்கிலும் உலோகம் தெரிந்தால் அது கேன் முறை, இன்றைய கார்கள் எல்லாம் பேசுவது இதைத்தான். அந்த இரண்டும் காலியாக இருந்து ஏழில் மட்டும் உலோகம் இருந்தால் அது பழைய கே-லைன் முறை. மலிவான கருவிகள் அதிகம் சொதப்புவது இந்தக் கே-லைன் வண்டிகளில்தான். "எல்லா புரோட்டோகாலும் சப்போர்ட்" என்று டப்பாவில் அச்சடித்திருப்பார்கள். உள்ளே அதற்கான சர்க்யூட்டே ஒழுங்காக இருக்காது. உங்கள் வண்டி கே-லைன் என்றால், அதே மாடல் வைத்திருக்கும் யாராவது எந்தக் கருவியை வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பணம் போட வேண்டும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாக உதவாது. புகையே இல்லாத வண்டிக்குப் புகைக்காக எழுதிய சட்டம் பொருந்தாது என்பதால், அவற்றில் சாக்கெட் இருந்தாலும் சாதாரண ரீடரால் பெரிதாக எதையும் படிக்க முடியாது.

இனி கோடுக்கு வருவோம். ஒவ்வொரு கோடும் ஒரு எழுத்து, நான்கு இலக்கங்கள். முதல் எழுத்து பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். யு என்றால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் தகராறு. ஏபிஎஸ், சஸ்பென்ஷன் போன்றவற்றுக்கும் ஏர்பேக், பாடி பக்கத்துக்கும் வேறு எழுத்துகள் உண்டு. எழுத்தை அடுத்து சைபர் வந்தால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 வந்தால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் சரியாக எரியவில்லை. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். பி0420 என்றால் சைலன்சர் வரிசையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படுகிறது.

"சந்தேகப்படுகிறது" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். கோடு எந்த சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. தெருப் பெயரைச் சொல்லும், கதவு எண்ணை நாம்தான் தேட வேண்டும். பி0420 வந்தவுடன் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது வண்டியில் இருக்கும் விலை உயர்ந்த சாமான்களில் ஒன்று, உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற உலோகங்கள் பூசியிருக்கும். ஆனால் அதே கோடு எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு சின்னக் கசிவாலும் வரலாம், பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் வரலாம்.

என் மாமா வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். செங்கல்பட்டில் இருக்கிறார். பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் சேடன். விளக்கு எரிந்தது, ஐடிலில் வண்டி நடுங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துவிட்டு, "பி0171 சார், ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று பல ஆயிரத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமா எனக்கு போன் போட்டார்.

"மாப்ள, சென்சார் மாத்தணும்ங்கிறான். மாத்திடட்டுமா?"

"ஒரு நாள் பொறுங்க மாமா. ஞாயித்துக்கிழமை வர்றேன், பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். சரியாகச் செய்தி சொன்ன சென்சாரையே கழற்றி எறியச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கருவியைச் செருகி லைவ் டேட்டாவைத் திறந்தேன். அதில் ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் உண்டு. ஒன்று இந்த நொடிக்கானது, மற்றது நாள்பட்டது. கம்பெனி எழுதிவைத்த அளவைவிட எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறோம் என்று கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கு இது. நல்ல வண்டியில் சைபரைச் சுற்றி, கூட்டல் கழித்தல் பத்துக்குள் நிற்கும். மாமா வண்டியில் ஐடிலில் நாள்பட்ட ட்ரிம் கூட்டல் இருபத்திரண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடிக்கச் சொன்னேன். நொடிக்கான ட்ரிம் கழித்தலுக்கு இறங்கியது, இரண்டையும் கூட்டினால் ஆறு ஏழுதான்.

இந்த ஒரு சோதனையில் பாதி வழக்கு முடிந்துவிட்டது. உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப் சென்சார் உள்ள வண்டி அது. அந்த சென்சாரைத் தாண்டிய பிறகு எங்காவது ஓட்டை இருந்தால், அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தக் காற்று பெருகி, ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். ட்ரிம் ஐடிலில் அதிகம், வேகத்தில் குறைவு என்றால் ஏர் லீக்கைத் தேடு என்பது இதனால்தான். அதற்கு நேர்மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கடைந்த எம்.ஏ.எஃப் ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். எம்.ஏ.எஃப்புக்குப் பதில் மேப் சென்சார் மட்டும் வைத்த சிறிய கார்களும் நம்மூரில் நிறைய ஓடுகின்றன. அவற்றில் இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது, ஏர் லீக் என்றால் அங்கே பெரும்பாலும் ஐடில் வேகம்தான் ஏறும்.

பக்கத்துத் தெருவில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். எண்களைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏர் இழுக்குது தம்பி" என்றார். இன்டேக்குக்குப் பின்னால் கைவிட்டு, சூட்டில் வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸை வெளியே எடுத்தார். ஹோஸும் கூலியும் சேர்த்து சில நூறு ரூபாய். சென்சார் இன்றும் அதே சென்சார்தான்.

இதில் கருவியின் பங்கு எவ்வளவு, மெக்கானிக்கின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். கோடை மட்டும் படிக்கும் கருவி என்னிடம் இருந்திருந்தால் ஒர்க்‌ஷாப் சொன்ன அதே பி0171ஐத்தான் நானும் பார்த்திருப்பேன். லைவ் டேட்டா இருந்ததால் எங்கே தேடுவது என்று தெரிந்தது. ஹோஸ் எங்கே ஓடுகிறது, எப்படிக் கழற்றுவது என்பது அந்த அண்ணனின் கைக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ட்ரிம் பற்றிப் பேசும்போது எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலையும் சொல்லிவிட வேண்டும். எத்தனால் முழுதாக எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஒரு பங்கு சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எத்தனாலுக்கு ஒன்பது பங்கு. அதனால் கலவையில் எத்தனால் கூடும்போது அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருளைத் தெளிக்க வேண்டியிருக்கிறது. இ-10இலிருந்து இ-20க்கு மாறினால் கணக்குப்படி ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். பழைய வண்டியில் இந்தக் கூடுதல் ட்ரிம்மில்தான் வந்து உட்காரும். ஏற்கெனவே எட்டு, பத்து என்று நின்ற வண்டிக்கு இன்னும் நான்கு சேர்ந்தால், மற்றபடி தெரியாமல் கிடந்த ஒரு சிறிய கசிவுகூட விளக்கை எரியவைக்கும் எல்லைக்கு அருகில் போய்விடும். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை இந்த எண்ணைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

லைவ் டேட்டாவுக்கு அடுத்து நான் கேட்பது ஃப்ரீஸ் ஃபிரேம். கோடு பதிவான அந்த நொடியில் இன்ஜின் சூடு, வேகம், ஆர்பிஎம், லோடு எல்லாம் என்னவாக இருந்தன என்று கம்ப்யூட்டர் ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். பி0301 கோடு வந்து, ஃப்ரீஸ் ஃபிரேமில் கூலன்ட் 30 டிகிரி சொச்சம், வேகம் சைபர் என்று இருந்தால், மழைக்கால விடியலில் ஸ்டார்ட் செய்த உடனே வந்த கோளாறு. காயிலில், பிளக் குழியில் ஈரம் இறங்கியதா என்று பார்க்கலாம். அதே கோடு 90 டிகிரி சூட்டில், ஏற்காடு மலையேற்றத்தில் முழு லோடில் வந்திருந்தால் கதை வேறு. காயில் சூடேறி நழுவுகிறதா, பிளக் இடைவெளி அகன்றுவிட்டதா என்று தேட வேண்டும். கோடு ஒன்றுதான், தேடும் இடம் வேறு.

மூன்றாவது, பெண்டிங் கோடு. பல கோளாறுகளை கம்ப்யூட்டர் ஒருமுறை கண்டால் உடனே விளக்கை எரியவைக்காது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் உறுதி செய்யும். இடையில் அது பெண்டிங்காகக் கிடக்கும். திருச்சிக்கோ மதுரைக்கோ நீண்ட பயணம் கிளம்பும் முன் ஒருமுறை செருகிப் பார்ப்பது இதற்காகத்தான்.

நான்காவது, பேட்டரி வோல்டேஜ். கருவியைச் செருகியவுடன் பத்து, பன்னிரண்டு கோடுகள் யு எழுத்தில் சரமாரியாக வந்தால் பயப்படாதீர்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள். ராத்திரி நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாகப் பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையில். பலவீனமான பேட்டரி ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் சரிந்தால், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்றதைக் காணோம் என்று கோடு எழுதிவைத்துவிடும்.

இந்த நான்கையும் செய்யும் கருவிக்கு எவ்வளவு செலவாகும்? ஆன்லைன் விலை அடிக்கடி மாறுகிறது என்பதால் ஏறத்தாழச் சொல்கிறேன். போனோடு இணைக்கும் நீல நிறக் குட்டி டாங்கிள் முன்னூறிலிருந்து எண்ணூறு. பெயர் உள்ள புளூடூத் டாங்கிள்கள் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு. சொந்தத் திரையுள்ள கைக்கருவி ஆயிரத்து ஐந்நூறிலிருந்து நான்காயிரம், அதற்கு மேலும் உண்டு.

அந்த நீலக் குட்டியின் கதை தெரிந்தால் எதை நம்பலாம் என்று புரியும். கனடாவில் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. காரின் பேச்சை போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மொழிபெயர்க்கும் இஎல்எம்327 என்ற சிப்பை அவர்கள்தான் செய்தார்கள். முதல் பதிப்பில் உள்ளிருக்கும் புரோகிராமை நகலெடுக்க முடியாதபடி பூட்டாமல் விட்டுவிட்டார்கள். நகல்கள் உலகமெங்கும் பெருகின. மூல நிறுவனம் 2022இல் மூடியே விட்டது. இன்று கடையில் கிடைக்கும் மலிவு டாங்கிள்கள் எல்லாம் அந்த நகலின் நகல்கள். 1.5 என்றும் 2.1 என்றும் மேலே அச்சடித்திருக்கும் பதிப்பு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே டப்பா, ஒரே ஸ்டிக்கர், உள்ளே வேறு வேறு போர்டு. ஒருவருக்குப் பல வருடம் ஓடுகிறது, அடுத்தவருக்கு வண்டியோடு இணையவே மறுக்கிறது.

ஆகவே முன்னூறு ரூபாய் டாங்கிள் வீண் என்று நான் சொல்லவில்லை. கேன் முறை வண்டி, ஆண்ட்ராய்டு போன், திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடை என்ற மூன்றும் இருந்தால் முயன்று பார்க்கலாம். வாங்கிய அன்றே சோதியுங்கள். உள்ளே இருக்கும் சிப் எந்தெந்தக் கட்டளைகளுக்குப் பதில் தருகிறது என்று பார்க்க இலவச ஆப்களே இருக்கின்றன. பாதிக் கட்டளைக்குப் பதில் இல்லை என்றால் திருப்பிவிடுங்கள். ரிச்சி தெருவில் நேரில் வாங்குபவர்கள் போனில் ஆப்பை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு, வண்டியை எட்டும் தூரத்தில் நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

ஆனால் யாராவது "எனக்கு ஒன்று வாங்கிக் கொடு" என்றால் நான் வாங்குவது விகேட் போன்ற பெயருள்ள டாங்கிளைத்தான். ஐபோன் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய வகை புளூடூத் டாங்கிள் ஐபோனோடு பேசாது. புளூடூத் 4.0, அதாவது பிஎல்இ என்று தெளிவாகப் போட்டிருப்பதையோ வைஃபை வகையையோ வாங்க வேண்டும். வைஃபை டாங்கிளில் இணையும்போது போனின் இன்டர்நெட் பெரும்பாலும் போய்விடும் என்பதால் எனக்கு பிஎல்இதான் பிடிக்கும். ஆப் என்று வரும்போது கார் ஸ்கேனர் என்பது இரண்டு வகை போனிலும் ஓடும், இலவசமாகவே நிறையக் காட்டும். ஆண்ட்ராய்டில் டார்க் பழைய நம்பகமான பெயர்.

வயதான அப்பா அம்மா, போனில் ஆப் ஏற்றத் தயங்குபவர்கள், சிறிய ஷெட் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குக் கைக்கருவியே சரி. சாக்கெட்டில் செருகினால் அங்கிருந்தே கரன்ட் எடுத்துக்கொள்ளும், சார்ஜ் வேண்டாம், புளூடூத் வேண்டாம். ஆட்டெல், லாஞ்ச், ஃபாக்ஸ்வெல், ஆன்செல், கான்வே என்று பெயர்கள் இருக்கின்றன. மிக மலிவான மாடல்களில் லைவ் டேட்டாவும் ஃப்ரீஸ் ஃபிரேமும் இல்லாமல் கோடு மட்டும் படிக்கும் வகையும் உண்டு. டப்பாவின் பின்புறத்தில் இந்த இரண்டு பெயரையும் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று இந்தக் கருவிகளை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். சட்டம் பொதுவாக்கியது புகை சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும்தான். மற்ற கம்ப்யூட்டர்களோடு பேச ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மொழி. இதில் ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். 2021இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022இல் மறைமலை நகர் ஆலையும் ஓய்ந்தது. ஆனால் இந்தியாவில் செய்த ஃபிகோவும் எக்கோஸ்போர்ட்டும் என்டேவரும் இன்னும் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. இவற்றுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி என்று எல்லா கம்ப்யூட்டரையும் திறந்து காட்டும். ஒரே நிபந்தனை, ஃபோர்டில் இரண்டு கேன் பாதைகள் உண்டு. வழக்கமான 6, 14 பின்களோடு, 3, 11 பின்களில் ஓடும் வேகம் குறைந்த பாதையையும் படிக்கும் கேபிள் வேண்டும். விலிங்கர் எஃப்எஸ், ஓபிடிலிங்க் இஎக்ஸ் இரண்டும் இதற்காகவே செய்யப்பட்டவை. ஃபோர்டு வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்க நினைப்பவர்கள் பொதுக் கருவியில் பணம் போடாமல் நேராக இதற்கே போகலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு விசிடிஎஸ், ஓபிடி-இலெவன் என்று இதேபோலத் தனி வழிகள் உண்டு, செலவு கூடுதல்.

பிஎஸ்-6 டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி அடைப்பதுதான் உங்களுக்கு வரும் பெரிய தலைவலி. தினமும் ஐந்து கிலோமீட்டர் டிராஃபிக்கில் ஓட்டி நிறுத்தினால், சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் அளவுக்கு அது சூடேறுவதே இல்லை. உங்கள் மாடலுக்கான கரி அளவைக் காட்டும் ஆப் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற டாங்கிளை வாங்குங்கள். வலுக்கட்டாயமாக எரியவைக்கும் வேலையைச் செய்ய, வண்டிக்குக் கட்டளையிடும் விலை உயர்ந்த ஸ்கேனர் வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பிடமே விட்டுவிடலாம்.

பழைய கார் வாங்கப் போகும்போது இந்தக் கருவி செய்யும் உதவிக்கு ஈடே இல்லை. விற்பவர் முந்தின நாள் கோடை அழித்துவிட்டு வண்டியைக் காட்டினால் விளக்கு எரியாது. ஆனால் அழித்த தடயம் இருக்கும். ரெடினெஸ் மானிட்டர் என்ற பகுதியைத் திறந்தால், கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றின் சுயசோதனை முடிந்ததா என்று தெரியும். தினமும் ஓடும் வண்டியில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று வந்தால் சமீபத்தில் கோடை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கோடு அழித்ததிலிருந்து ஓடிய கிலோமீட்டர் என்று ஒரு கணக்கையும் பல வண்டிகள் வைத்திருக்கும். "பேட்டரி புதுசா மாத்தினோம் சார்" என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். சம்மதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கருவியை நிரந்தரமாகச் சாக்கெட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். பதினாறாவது பின்னில் சாவி போடாவிட்டாலும் கரன்ட் இருக்கும். தானாகத் தூங்கத் தெரியாத மலிவு டாங்கிள் இரவும் பகலும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பல டாங்கிள்களின் கடவு எண் 1234 அல்லது 0000 என்பதால், பக்கத்தில் நிற்பவர்கூட இணைந்துவிட முடியும். ஓட்டும்போது போனில் எண்களைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் கருவியைத் தேடாதீர்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, வண்டியை அணையுங்கள்.

கடைசியாக மெக்கானிக்குகளைப் பற்றி. கருவி கையில் வந்ததும் சிலர் ஷெட்டில் போய், "கோடு எனக்கே தெரியும், இந்த சாமானை மாத்திக் கொடுங்க" என்று அதிகாரம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மனம் வருந்தும். புதுப்பேட்டையிலும் ஜிபி ரோட்டிலும் ஊர் ஊருக்கும் உள்ள சிறிய ஷெட்களிலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் கைகள் இருக்கின்றன. கம்பெனி ஸ்கேனர் வாங்க வசதி இல்லாததால் எலெக்ட்ரானிக்ஸ் வண்டிகளை அவர்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க் கருவியோடு போய், "அண்ணே, இந்தக் கோடு, ஐடில்ல ட்ரிம் இவ்வளவு, சூடான பிறகு இவ்வளவு, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று சொன்னால், அந்த வேலை மறுபடி அவர்கள் கைக்கு வரும். உங்கள் செலவும் குறையும்.

அதற்கு ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். கோடைப் பார்த்த உடனே அழிக்கும் பட்டனை அமுக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும், மெக்கானிக்குக்குத் துப்பே இல்லாமல் ஆகிவிடும். முதலில் கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம், ட்ரிம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் முடிந்த பிறகு அழியுங்கள்.